மைக் அணைந்த பிறகு

நைரோபியில் மதியம் இரண்டரைக்கு அவை கூடும்.
சுங்காயில் அப்போது ஏழரை.
ஏழரை என்றால் பக்கத்துக் கடைச் சோசியர் சிரிப்பார்;
எனக்கு அது வேலைக்கு உட்காரும் நேரம், அவ்வளவுதான்.

கீழே டயர் கடை. மேலே நான்,
காதில் அடுத்த நாட்டு நாடாளுமன்றம்.
நிமிடத்துக்கு ஒரு ரிங்கிட் இருபது சென்.
எந்திரம் முதலில் கேட்டு எழுதிவிடும்,
அது தப்பாய்க் கேட்டதைத் திருத்துவது என் பிழைப்பு.
இருமலுக்கும் காசு உண்டு.
சபாநாயகர் தாள் புரட்டும் ஓசைக்கும்.

ஒன்பதாவது குரல்
மாண்புமிகு ஜெரோத்திச் பார்மாசாய்.
முகம் தெரியாது. தேடிப் பார்த்ததும் இல்லை.
மூன்றாண்டில் பதினேழு தடவை எழுந்திருக்கிறார்,
எல்லாம் நான் தட்டச்சிட்டவை, கணக்குத் தப்பாது.
அதில் இரண்டு இரங்கல்.
ஒன்று, முன்னால் பேசியவர் சொன்னதையே நானும் சொல்கிறேன் என்பது.
ஒரு பாலத்தை நாலு தடவை கேட்டார்.
நாலாம் தடவை அமைச்சரின் ஊரைச் சொல்லி
"அங்கே ஆறே இல்லை, பாலம் மட்டும் இருக்கிறது" என்றார்.
எந்திரம் அதன் பின் கைதட்டல் என்று போட்டிருந்தது.
சிரிப்பு என்று மாற்றினேன், சிரித்தபடியே.

நேற்றைய கோப்பு தேயிலை.
கொழுந்து வெட்டும் எந்திரம் வந்துவிட்டதாம்,
ஒன்று முப்பது பெண்களின் வேலை செய்யுமாம்.
"கணக்கு சரிதான், சபாநாயகரே.
எந்திரத்தை நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த முப்பது பேர் யாரென்று
இங்கே ஒருவருக்காவது தெரியுமா?
எனக்குத் தெரியும். படிக்கிறேன்."

மணி அடித்தது.
மைக் அணைந்தது.
அவர் படித்துக்கொண்டே இருந்தார்.

ஒலியைக் கூட்டினேன்.
பக்கத்து இருக்கை மைக்கில் கசிந்து வந்தன பெயர்கள்.
குலை ஏற்றிய லாரி கியர் மாற்றிக் கடக்கட்டும் என்றிருந்து
மறுபடி ஓட்டினேன். மறுபடியும்.
முப்பதில் பதினொன்று பிடிபட்டது.
ஒரு பெயரை இரண்டு தடவை சொன்னார்;
அந்தப் பெயரில் அங்கே இருவர் இருக்கலாம்.

எங்கள் தோட்டத்தை வீட்டுமனைக் கம்பெனி வாங்கியபோது
ஆபீஸ் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள்.
பவளக்கொடி என்ற என் அம்மா
அதில் பவளம், கொடி என இரண்டு பேர்.
இருவருக்கும் அடையாளக் கார்டு இல்லை.
ஒருத்தி இரண்டானாள், வீடு ஒன்றுகூட ஆகவில்லை.
"எழுதினதை எப்படிம்மா அழிக்கிறது?" என்றார் கிராணி,
கையில் ரப்பரோடு.
தொகுதி உறுப்பினரிடம் மனு கொடுத்தோம்.
அவையில் எழுப்புகிறேன் என்றார், தேநீர் குடித்தார்.
போன வருஷம்தான் பழைய அவைக்குறிப்பைத் தேடிப் பார்த்தேன்.
அந்தக் கூட்டத்தொடரில் அவர் எழுப்பியது
கார் நிறுத்துமிடம்.

விதி எட்டு: மைக்கில் வராதது அவையில் பேசப்படாதது.
விதி ஒன்பது: தெளிவில்லாத பகுதி எத்தனை நீளமானாலும்
குறி ஒன்று போதும்.

எட்டை நான் மீறவில்லை. ஒரு பெயரும் எழுதவில்லை.
ஒன்பதைத்தான்.
தெளிவாகக் கேட்கவில்லை
என்று ஒரு வரி. அதன் அடியில் அதே வரி.
தெளிவாகக் கேட்கவில்லை.
பதினொரு பெயருக்குப் பன்னிரண்டு வரி.

அனுப்பிவிட்டு இறங்கிப் போய் மீகூன் கட்டி வந்தேன்.

காலையில் மேற்பார்வையாளர் செய்தி:
ஏன் பன்னிரண்டு? விசை ஒட்டிக்கொண்டதா?
ஆமாம் என்று போட்டால் அவரே பதினொன்றை அழித்துவிடுவார்.
எனக்கும் அவருக்கும் பத்து நொடி வேலை.

இன்னும் பதில் போடவில்லை.
அடுத்த கோப்பு வந்துவிட்டது,
மாட்டுத் தடுப்பூசி மசோதா, இரண்டாம் வாசிப்பு.
அவர் எழுந்திருக்கிறாரா என்று
ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.