நாற்பது நொடி ஆறு

கப்பலில் சமையலுக்குப் போன லாரன்சு
நாற்பது நொடி வீடியோ அனுப்பியிருக்கிறான்.
எண்ணூர்க் கழிமுகம், இடுப்பளவு தண்ணீர்.
கழுத்தில் பாலிதீன் உறைக்குள் போன்.
பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி
ஈரவிரலால் நாலுமுறை தட்டித் திறந்தேன்.

இரண்டு மலை ஒதுங்கி நிற்க
நடுவே வருகிறது.
பனிப்பாறைக்கு அடியில் புறப்படுகிறதாம்.
லாரி பெருத்த கல்லைப்
புளியங்கொட்டையாய் உருட்டுகிறது.
அந்தச் சத்தத்துக்குப் போன் போதவில்லை,
கரகரவென்று உடைந்தது.

"தொடக்கூடாதாம் தேசக்கா,
பலகை வெச்சிருக்கான்.
அணை கெடையாது, பாலம் கெடையாது,
கூழாங்கல்லு ஒண்ணு எடுத்தாலும் ஃபைனு."

எனக்குக் கண் நிறத்தில் போனது.
நம்ம ஆறு மாதிரியே சாம்பல்.
அங்கேயும் கரண்டு எடுக்கிறார்களா
என்று கேட்டேன்.
ராத்திரிதான் பதில் வந்தது:
"இல்லக்கா. பனி மலைய அரைக்குது.
அந்த மாவு அது.
சுத்தமான தண்ணிக்கே அங்க அதான் கலரு."

மாவு.

குழாய் உடைந்த வாரம்
என் முழங்கால்வரை இருந்ததும் மாவுதான்,
யார் வீட்டு விளக்கு அரைத்ததோ.
அதற்குள் விரல்விட்டு இறால் தடவினால்
தண்ணீர் சுட்டது,
காய்ச்சல்பிள்ளை கழுத்துபோல.
இங்கேயும் பலகை உண்டு லாரன்சு.
அனுமதியின்றி உள்ளே வராதே.
காவல்காரர் பார்த்துக்கொள்வது வேலியை.

ஆனால் கேள்.
ஐப்பசியில் பூண்டி திறந்த மூன்றாம் ராத்திரி
கொசஸ்தலை வந்தது.
ஆகாயத்தாமரைத் திட்டு, ஒரு இரும்புக்கட்டில்,
எந்த ஊர்ச் சலூனுடையதோ ஒரு போர்டு,
எல்லாம் தலைமேல்.
பத்து நாளாய் இரண்டு ஜேசிபி
கொத்தியும் திறக்காத முகத்துவார மணலைத்
தோளால் ஒரு தள்ளு.
கடல் அலைகளைச் சுருட்டிக்கொண்டு
தள்ளி நின்றது.
கரையில் நின்றவர்கள் பேசவில்லை,
பீடிகூடப் பற்றவைக்கவில்லை.

வடிந்ததும் இறங்கினேன்.
சாம்பல் போயிருந்தது
(திரும்ப வரும், தெரியும்),
அடியில் பழைய கறுப்புச் சேறு
சில்லென்று காலைப் பிடித்தது.

வீடியோ எடுக்கவில்லை, கோவித்துக்கொள்ளாதே.
இரண்டு கையும் சேற்றுக்குள் இருந்தது.
விரலிடுக்கில் ஒன்று துள்ளியது,
வரிவரியாய், நல்ல பருமன்.
பல்லில் கயிறு.
கத்தமுடியவில்லை.