எடை குறைந்த ஓட்ஸ்

போர்ட்டேஜ் லா ப்ரேரி. அக்டோபர்க் காலை.
மில்லின் பின்வாசலில்
ஒன்பது டிரக்குகள்.
நான்காவது கோவல்சுக்கினுடையது.
இறங்காமலே கேட்கிறார், "என்ன சொல்லுது?"
தராசைத்தான் கேட்கிறார், என்னை அல்ல.

அரை லிட்டர் கோப்பையில் மணி நிரப்பி
தலைதட்டி வழித்து
எடை போடுகிறேன்.
மறுபடி போடுகிறேன்.
அதே இருநூற்றுப் பதினெட்டு கிராம்.
ஜூலையில் வந்த துருநோய் என்கிறார்.
இலையெல்லாம் ஆரஞ்சுப் பொடி.
வயலுக்குள் நடந்துவிட்டு வந்தால்
முழங்கால் வரைக்கும் பேண்ட்டில் சாயம் ஏறியிருக்குமாம்.

உமிக்குள் பாதி காற்று.
தரம் என்ற கட்டத்தில்
'தீவனம்' என்று எழுதி நீட்டினேன்.
"குதிரைக்கா?"
குதிரைக்குத்தான் என்றேன்.
"கொடுத்துவைத்த குதிரை."
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு.
பூஞ்சை இலையைத் துளைத்தபோது
ஓடத் தெரியாத அந்தச் செடி
தன் உடம்புக்குள்ளேயே ஒன்றைக் காய்ச்சியிருக்கும்.
அவெனாந்திரமைடு.
முதன்முதலில் படித்தபோது
நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.
கோதுமைக்கு வராத கைப்பக்குவம்,
பார்லிக்கும் வராது.
நமைச்சலைத் தணிக்கும் என்று
ஆராய்ச்சிக் கட்டுரைகள் அடக்கமாகச் சொல்கின்றன,
'லாம்' என்றும் 'கூடும்' என்றும் முடிகிற வாக்கியங்களில்.
இலையில் கூடியது மணிவரைக்கும் வந்ததா?
தெரியாது.
அளக்க என்னிடம் கருவி இல்லை,
எழுதப் படிவத்தில் கட்டமும் இல்லை.

ஈரப்பதத்துக்கு உண்டு. புரதத்துக்கு உண்டு.
பீட்டா குளுக்கானுக்குக்கூட உண்டு.
அதுதானே பிறகு டப்பாவின் மேல்
சிவப்பு இதயமாக ஏறி உட்கார்கிறது.
அந்த இதயத்தை நம்பித்தான் இளவழகன்
காலையில் கடுகு தாளித்து, கறிவேப்பிலை போட்டு
ஓட்ஸை உப்புமா என்று ஏமாற்றிச் சாப்பிடுகிறான்.
கொலஸ்ட்ரால் பார்க்கப் போகும் வாரத்தில் மட்டும்
இரண்டு வேளை.
டாக்டருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எனக்கு இதயத்தில் ஒன்றுமில்லை.
எனக்குக் கை.
ஒரு நாளைக்கு நாற்பது தரம் கழுவும் கை.
பனி விழும் முன்பே விரலிடுக்குகள் வெடித்து
தூக்கத்தில் என்னைக் கேட்காமல் சொறிந்துகொண்டு
தலையணை உறையில்
கடுகளவு கடுகளவாய் ரத்தம் வைக்கும் கை.
களிம்பு பட்டாணி அளவு,
பதினாலு நாளுக்கு மேல் வேண்டாம் என்றார்கள்.
இன்று பதினைந்து.

வேலை முடிந்ததும் மாதிரிகளைக்
குப்பைத் தொட்டியில் கொட்ட வேண்டும்.
கோவல்சுக்கின் பையை மட்டும்
சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்தேன்.
இரண்டு கைப்பிடி இருக்கும்.
இது திருட்டா என்று
நெடுஞ்சாலை முழுக்க யோசித்தேன்.
கொட்டப்போவதை எடுப்பதற்கு
வேறு ஏதாவது சொல் இருக்க வேண்டும்.

மிக்ஸியில் அரைத்து, உமி போகச் சலித்து,
வெதுவெதுத் தண்ணீரில் தூவினேன்.
கலங்கியது, அரிசி களைந்த நீர்போல.
இரண்டு கையையும் இறக்கினேன்.
முதலில் எரிந்தது.
பிறகு வழுவழுப்பு வந்தது,
பீட்டா குளுக்கான், தெரிந்த முகம்.
அடுத்தவர் வருவாரா என்று
காத்திருந்தேன்.

சமையலறை ஜன்னலுக்கு அப்பால்
தானிய ரயில் போக ஆரம்பித்தது.
பெட்டிகளை எண்ணினேன்.
நூற்றுப் பதினொன்றில் முடிந்தது.
அப்போதுதான் கவனித்தேன்,
சொறிய வேண்டும் என்று தோன்றி
வெகுநேரம் ஆகியிருந்தது.

தண்ணீரா, ரயிலா,
ஜூலையில் ஒரு செடி பட்ட பாடா,
தெரியவில்லை.
நாளைக்கு எரியலாம்.
ஒரு கையை வைத்து ஆய்வு முடிவு எழுத முடியாது,
இரண்டு கையை வைத்தும்.

இளவழகன் வந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தான்.
முகம் விழுந்தது.
"இதையும் சாப்பிடணுமா?"

இல்லை, என்றேன்,
கையை எடுக்காமல்.
இது குதிரைக்கு.