வருகை வீதம், சேவை வீதம்

மூன்றாம் வருடத்தில்
காத்திருப்பு வரிசைக் கோட்பாடு என்றொரு பாடம்.
வருகை வீதம், சேவை வீதம்.
முன்னது பின்னதை முந்தினால்
வரிசை முடிவின்றி வளரும்.
நிறுவலை வரி பிசகாமல் எழுதினேன்.
பி பிளஸ்.

பிறகு முப்பத்தொரு விண்ணப்பம்.
போட்டோக் கொப்பி ஐந்து ரூபா விற்கையில் தொடங்கினேன்,
இருபதானபோது
பெறுபேற்றுத் தாளின் பின்பக்கத்தைக் கைவிட்டேன்.
உண்மைப் பிரதி என்று சீல் குத்தும் மரியநாயகம்
தலை நிமிராமலே கேட்பார்:
"இன்னுமோ பிள்ளை?"

வங்கியில் ஆளெடுப்பு இல்லையாம்.
கச்சேரியில் சுற்றறிக்கை வந்திருக்காம்.
கொழும்புக் கொம்பனி மட்டும் கூப்பிட்டது, சூமில்,
இரண்டு பத்துக்கு.
எங்கள் பகுதிக்கு இரண்டு மணிக்குக் கரண்ட் போகும்.
போனில் சார்ஜ் சேர்த்து வைத்துக்கொண்டு
பாலைமரத்தடியில் கதிரை போட்டு இருந்தேன்.
"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.
வாயெடுத்தேன்,
டவரும் போனது.
பாதிக்கண் மூடியபடி
அவர் முகம் திரையில் நெடுநேரம் நின்றது.
நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கிழமைதான்
மாங்குளம் பெற்றோல் செட்டில் தொடங்கிய வரிசை
சந்தி கடந்து
ஒட்டுசுட்டான் றோட்டில் திரும்பி
வளர்ந்தது.
முடிவின்றித்தான்.

தேவமலர் ரீச்சர் வந்தா.
"நீ சும்மாதானே இருக்கிறாய்,
ஸ்கூட்டியை ஒருக்கா வரிசையில வைச்சுப் பாத்துக்கொள்."
சும்மாதானே.
ஒரு இரவும் ஒன்றரைப் பகலும் நின்றேன்.
கையில் ஐந்நூறு ரூபாவை வைத்துப் பொத்தினா.
அதுதான் என் முதல் சம்பளம்,
வியர்வையில் ஈரமாகியிருந்தது, எவருடையதோ.

அடுத்த கிழமை மருந்துக்கடைக்காரர்,
பிறகு மாட்டு டொக்டர்,
பிறகு மரியநாயகமே, ஓட்டைச் சைலன்சர் மோட்டார்சைக்கிளோடு.
கொப்பியில் நிரல் கீறினேன்:
பவுசர் வந்த நேரம், நிமிடத்துக்கு எத்தனை வண்டி,
இடையில் புகுந்தவர் எத்தனை.
"பிள்ளை, என்ரை முறை எப்ப வரும்?"
"நாளைக்கு விடிய நாலேமுக்கால்."
நாலு ஐம்பதுக்கு வந்தது.
ஐந்து நிமிடப் பிழையை அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

பிளாஸ்கோடு கோகுலரமணன் வருவான்.
கம்பஸில் எனக்கு இரண்டு வருடம் மூப்பு,
தமிழ் சிறப்பு, முதல் வகுப்பு.
"பிளேன்ரீ எழுபது ரூபா, சீனி தனி"
என்பதிலும் ஒற்றுப் பிழை விடமாட்டான்.
நுளம்புக்குச் சிரட்டை புகைத்துக்கொண்டு
யாருக்கு எங்கே வேலை கிடைத்தது என்று
பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

அம்மா லண்டன் மாமாவுக்குச் சொல்கிறா:
"அவள் இப்ப பெற்றோல் கொம்பனியில."
பொய்யென்று சொல்லவும் முடியாது.

ஒருநாள் கியூஆர் வந்தது.
கடைசி இலக்கத்துக்கு ஒருநாள், கிழமைக்கு இத்தனை லீற்றர்.
இரண்டு மூன்று கிழமைகளில்
வரிசை றோட்டைவிட்டு வளவுக்குள் சுருங்கி
பிறகு இல்லாமலே போனது.
சனம் சிரித்தது. ரீச்சர் லட்டு கொண்டுவந்து தந்தா.
நான் தின்றேன், நல்ல இனிப்பு.
மாங்குளத்தில் அன்று வேலை இழந்தவள்
நான் ஒருத்திதான்.
கோகுலரமணனையும் சேர்த்தால் இரண்டு.

முப்பத்திரண்டாவது விண்ணப்பம் மேசையில் கிடக்கிறது.
முன் அனுபவம் என்று ஒரு பெட்டி,
அரை விரல் அகலம்.
ஐந்து மாதம் என்று எழுதி
எதில் என்று எழுதாமல்
பேனையை மூடினேன்.

இரவு போன் அடித்தது, கோகுலரமணன்.
வவுனியாவில் நிற்கிறானாம்.
பாஸ்போட் கந்தோருக்கு முன்னால்
மதில் சுற்றிச் சனமாம், பாய் விரித்துப் படுக்கினமாம்,
இடம் பிடித்து நிற்க ஆள் தேடுகினமாம்,
ஒரு இரவுக்கு மூவாயிரம்.
"நீ ஏன் நிற்கிறாய், தேத்தண்ணிக்கோ?" என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எனக்கும்தான்" என்றான்.

பின்னால் ஒரு குழந்தை அழுதது,
யாரோ எண் கூப்பிட்டார்கள்.
கொப்பியை இழுத்து
புதுப் பக்கம் திருப்பினேன்.
"சரி, சொல்லு.
மணித்தியாலத்துக்கு எத்தனை பேர் வருகினம்?
உள்ளுக்க எத்தனை கவுண்டர்?"