தள்ளப்பட்டவை: 4

கருப்புத் திரை. ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நிற்கிறது.
அதற்குப் பொத்தான் கிடையாது, படம் கிடையாது,
வாங்க என்று சொல்லும் பழக்கமும் கிடையாது.
வேண்டியதை எழுத்தெழுத்தாய் நான்தான் சொல்ல வேண்டும்.
சரியாய் முடிந்தால் வாய் திறக்காது.
பிசகினால் மட்டும் ஒரு வரி.
எங்கள் குடும்பத்து ஆண்களையும் இப்படித்தான் வளர்த்தார்கள்.

நேற்றிரவு காரூவில் ஆட்டுத் தொட்டி உறைந்துவிட்டது.
கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால்
தொலைநோக்கியைக் குதிரைமனிதன் பக்கம் திருப்பிவிட்டு
பத்து மணிக்கே படுத்துவிட்டேன்.
நூற்று இருபது ஃபிரேம், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம்.
ஆளில்லாமலே அதெல்லாம் எடுத்துக்கொள்ளும்.

இன்று ஆறு மணிக்கு மின்வெட்டு.
பேட்டரியில் லேப்டாப், முழங்காலில் போர்வை.
முதலில் இருட்டைக் கழிக்க வேண்டும்:
கேமராவுக்கென்று சொந்தமாக ஓர் இருட்டு உண்டு,
மூடியைப் போட்டு அதைத் தனியே பிடித்து வைத்திருக்கிறேன்.
கழி.
பிறகு தூசி. தலையணை உறையை இழுத்துக் கட்டி
விடியலுக்கு நேரே காட்டி எடுத்த வெள்ளைப் படங்களில்
ஒவ்வொரு தூசியும் ஒரு வளையம்.
வகு.
பிறகு நட்சத்திரத்தின் மேல் அதே நட்சத்திரம் உட்காரும்படி
நகர்த்து, சுழற்று, அடுக்கு.
சராசரியிலிருந்து மூன்று மடங்கு விலகினால் தள்ளு.

எந்தப் பதிலும் இல்லை. விசிறி மட்டும் இரைகிறது.
தேநீரில் ஆடை படிந்தது.

கோப்பைத் திறந்தேன். வந்திருந்தது
கேலக்ஸி. குறுக்கே கறுத்த தூசிப் பட்டையோடு,
ஏலத்துக்கு வார் இறுக்கிய கம்பளிப் பொதி போல.
கூட்டுறவுச் சங்கத்தில் காட்டினால்
என்ன விலை போகும் என்பான் யாராவது.

அப்புறம்தான் பார்த்தேன், கட்டளையின் கீழே ஒரு வரி.
தள்ளப்பட்டவை: 4. பின்னணி மிகை வெளிச்சம்.
எண்பத்தேழு முதல் தொண்ணூறு வரை.

நிலா இல்லை. மேகம் இல்லை.
எண்பத்தேழைத் தனியே திறந்தேன்:
இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து
பால் கொட்டினாற்போல் ஒரு வெளுப்பு.
அந்த மூலைக்கு நேரே என் வாசல் கேட்.
தலைப்பில் நேரம் எழுதியிருக்கிறது, பதினொன்று எட்டு.
தொண்ணூற்றொன்றில் மறுபடி இருட்டு.

பன்னிரண்டு நிமிடம் ஒரு வண்டி
விளக்கை அணைக்காமல் அங்கே நின்றிருக்கிறது.

காலையில் கேட்டைத் திறக்கப் போனபோது
சங்கிலி இடப்பக்கமாய்ச் சுற்றியிருந்தது.
நான்தான் தூக்கக் கலக்கத்தில் என்று நினைத்தேன்.
இடக்கையால் சங்கிலி சுற்றுகிறவன்
இந்தப் பக்கத்தில் ஒருவன்தான்.
ஹெர்க்லாஸ்.
எல்லையில் தோண்டிய ஆழ்துளைக் கிணறு
உன் பக்கமா என் பக்கமா என்று
சர்வேயரைக் கூட்டிவந்த நாளிலிருந்து
பதினான்கு மாதம் பேச்சில்லை.

திறந்திருக்கிறான். மூடியிருக்கிறான்.
இரண்டுக்கும் நடுவில் என்ன செய்தான் என்று
எந்த நிரலும் சொல்லாது.

தள்ளிய நான்கை மட்டும் வேறு ஃபோல்டரில் போட்டு
அதே கட்டளைகளை மறுபடி அடித்தேன்.
கழி, வகு, அடுக்கு.
அவனுடைய முன்விளக்குக்குள்
மங்கலாக, கிட்டத்தட்ட இல்லாததுபோல,
கம்பளிப் பொதி இருந்தது.

பேட்டரி ஒன்பது சதவீதம்.
கோப்புக்குப் பெயர் வைக்க வேண்டும், இடைவெளி கூடாது.
ஹெர்க்லாஸ்_பன்னிரண்டு_நிமிடம் என்று அடித்தேன்,
அழித்தேன், மறுபடி அடித்தேன்.

பிறகு போனில், அவன் எண்ணுக்கு:
வந்தால் ஹாரன் அடி.
கிணற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

போய்ச் சேர்ந்ததற்கு ஒரு டிக்.
அவ்வளவுதான்.
வெளியே போய்த் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றினேன்,
குளிரில் விரல் ஒட்டியது.
இன்றிரவுக்கான கட்டளையில்
மூன்று என்றிருந்ததை ஐந்தாக்கினேன்.
அதனால் படம் கொஞ்சம் அழுக்காகத்தான் வரும்.