தபால் செலவு உட்பட

பில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தேன்.
தபால்காரர் லோய்ட்னர் தொப்பியைக் கழற்றவில்லை,
கழற்றினால் யாராவது பார்த்துவிடுவார்கள்.
உறையைப் படியில் வைத்தார். பிறகு
சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்
தெருமுனை வரைக்கும்,
பாடைக்குப் பின்னால் போகிறவர் மாதிரி.

மியூனிக் முத்திரை. தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை.

மரண தண்டனைக் கட்டணம் முந்நூறு மார்க்.
சிறைச் சாப்பாடு, நாளுக்கு ஒன்றரை வீதம்,
தொண்ணூற்று நான்கு நாள்.
நிறைவேற்றியதற்கு நூற்று அறுபது.
இதை அனுப்பிய தபால் செலவு பன்னிரண்டு ஃபெனிக்.
இருமுறை கூட்டிப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.

கோர்பினியன் என் தம்பி. இந்த ஊரின் பங்குச் சாமியார்.
அவனை வீரன் என்று யாராவது சொன்னால்
எனக்குச் சிரிப்பு வரும்.
பக்கத்து வீட்டு வாத்துகளுக்குப் பயந்து
சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனவன்.
பிரசங்கத்தில் தாளைவிட்டுக் கண் எழும்பாது.
பாதிக் கோவில் தூங்கும்; அது தெரிந்து
குரலைத் தாழ்த்திக்கொள்வான்,
எழுப்பிவிடக் கூடாதே என்று.

அஃப்ராவின் மகன் செவரினுக்குப் பதினோரு வயது. பேச்சு வராது.
மணி அடித்தால் மட்டும் சிரிப்பான்.
கன்னியர் இல்லத்திலிருந்து
சன்னலுக்குச் சாயம் பூசிய சாம்பல் நிறப் பஸ்ஸில் ஏற்றிப்போனார்கள்.
மூன்று வாரத்தில் ஒரு சாம்பல் குடுவை, ஒரு கடிதம்:
குடல்வால் அழற்சியால் இறந்தான், வருந்துகிறோம்.

"ஆறு வயசிலேயே குடல்வாலை எடுத்தாச்சே, சாமி."
அஃப்ரா அழவில்லை. கணக்கு உதைக்கிறது என்பதுபோல்
அதையே மூன்று தடவை சொன்னாள்.

தம்பி அடக்கப் பதிவேட்டைத் திறந்தான்.
பெயர். வயது. தேதி.
மரணக் காரணம் என்ற கட்டத்தில்
கொலை
என்று எழுதினான்.
ஒற்றுத்தாள் கேட்டான், கொடுத்தேன்.
அது பில்லில் இல்லை.

ஞாயிறு பூசையில் அந்த ஒரு வரியை வாசித்தான்,
வழக்கம்போல் தாழ்ந்த குரலில்.
ஒருவர்கூடத் தூங்கவில்லை.
ஆர்கன்காரரின் கோட்டுப் பையில்
பென்சில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.
வியாழக்கிழமை வந்தார்கள்.
இன்றும் அவர்தான் வாசிக்கிறார். நன்றாக வாசிக்கிறார்.

"எழுத்துப்பிழை என்று சொல்லிவிடுங்கள்,
மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம் வக்கீல்.
எழுத்துப்பிழைக்காகவே விரல் வீங்க அடி வாங்கியவன் அவன்.
பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து,
"பிழை இல்லை" என்றானாம்.

உடலைத் தரவில்லை.
கண்ணாடி வந்தது. ஒற்றைக் காலுறை வந்தது,
குதிகாலில் நான் தைத்த ஒட்டுடன்.

பணத்துக்குப் பன்றியை விற்றேன். போதவில்லை.
அன்றிரவு கதவிடுக்கில் இரண்டு மார்க் கிடந்தது.
மறுநாள் முட்டைக்கூடையில் ஐந்து.
சலவைச் சோப்பு மணக்கும் சில்லறை ஒரு துணி முடிச்சில்;
அது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.
யாரும் கதவைத் தட்டவில்லை.
தட்டியிருந்தால் திறந்திருப்பேன்.

அலுவலகத்தில் அறுநூற்றொரு மார்க்கை எண்ணி வைத்தேன்.
"பன்னிரண்டு ஃபெனிக்?" என்றாள் அந்தப் பெண்.
"எனக்குக் கடிதம் போடச் சொல்லி நான் கேட்கவில்லை."
அவள் இரு பக்கமும் பார்த்தாள்.
தன் பர்ஸிலிருந்து எடுத்துப் போட்டாள்.
இரக்கமோ, பின்னால் வரிசை நீள்கிறதே என்ற அவசரமோ,
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
செலுத்தப்பட்டது என்று முத்திரை குத்தினாள்.

பழைய பதிவேடு திரும்பி வரவில்லை.
புதிய சாமியார் புதியது வாங்கியிருக்கிறார்.
நல்லவர், பயந்தவர்.
உடல் இல்லாமல் பதிவு செய்ய விதியில்லை என்கிறார்.
சக்கிரீஸ்துச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நேற்று இரவு போனேன். விரல் விறைக்கும் குளிர்.
பெயர். வயது. தேதி.
அடுத்த கட்டத்தில் அவன் எழுதிய அதே சொல்,
என் கோணல் கையெழுத்தில்.
ஒற்றுத்தாள் எடுத்துக் கொடுக்க ஆளில்லை.
மை காயும்வரை
ஊதிக்கொண்டு நின்றேன்.