பத்தாவது போல்ட்

முஹர்ரக் சந்தில் வெள்ளிக்கிழமை.
வெயில் எதிர்ச்சுவரோடு நிற்கிறது,
இந்தப் பக்கம் தாண்ட இன்னும் ஒரு மணி நேரம்.

போன வாரம் யாரோ வீட்டு வெள்ளை மார்பிளில்
பிரியாணியோடு என் ஆயில் ஷூத்தடமும் டெலிவரி ஆனது.
அபராதம் மூன்று தினார்.
கேஸ்கெட் ஒன்றே கால்.

தண்ணீர் கேனை அறுத்து ஆயிலை வடித்தேன்.
பீட்சா அட்டையில் கவரின் வடிவம் வரைந்து
கழற்றக் கழற்ற அதிலேயே குத்திவைத்தேன்.
நீளம் மாறினால் அலுமினியம் மன்னிக்காது.

பழைய கேஸ்கெட் வரமாட்டேன் என்கிறது.
பிளேடு கீறிவிடும்.
விசா முடிந்து போன சவரிமுத்து
ஆணியில் விட்டுப்போன கம்பெனி கார்டு.
சுரண்டினேன்,
முகம் இல்லாத முனையால்.

புதியது வெறும் காகிதம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன்.
மேலே ஒன்று, எதிரே ஒன்று, மறுபடி மேலே.
டேக் பகதூர் செல்போன் வெளிச்சம் பிடித்தான்,
கேட்காமலே.

ஆயில். கிக்கர்.
அடியில் ஒரு டிஷ்யூ.
இரண்டு பேரும் குந்தி
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
காய்ந்தே கிடந்தது.

அட்டையில் ஒன்பது ஓட்டை.
கவரில் ஒன்பது தலை.
சட்டைப்பையில் இது?

"வேறு வண்டியோடது" என்றான் பகதூர்.
சந்தில் வேறு வண்டி இல்லை.
போன் கத்தியது, முதல் ஆர்டர்.
பையிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினேன்.