ஒரு விரற்கடை

மணிலாவிலிருந்து வந்தவர் முதலில் செய்தது
மேஜைத் துணியைத் தடவிப் பார்த்தது.
தி. நகரில், வாங்கப் போவதில்லை என்று
முடிவு செய்துவிட்ட ஒருவர்
பட்டைத் தொட்டுப் பார்ப்பது போல.

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலை,
குழாய்ச் சாமான் கடைக்கு மேல்மாடி,
ஜபருல்லா பாயின் பூல் பார்லர்.
தோஹா போகிற வழியில் மூன்று நாள் தங்கியிருந்த
டெல்ஃபினோடு ஓர் ஆட்டம் ஆட ஐந்நூறு ரூபாய்.
வீட்டில் வண்டி சர்வீஸ் என்று சொல்லியிருந்தேன்.
வண்டி கீழே சாட்சியாக நின்றது.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன்.
பகலெல்லாம் மாடிப்படிகளுக்கு அடியில் குனிந்து
அடுத்தவர் வீட்டு எண்களைப் படிக்கிறேன்.
இரவுக்கு ஒன்பது எண்கள் போதும்.

பிரேக் உங்களுடையது என்று கை காட்டினார்.
அடித்தேன். சத்தம் நன்றாக வந்தது.
எதுவும் விழவில்லை.
போய் உட்கார்ந்தேன்.

அந்த நாற்காலியைப் பற்றி
யாரும் என்னிடம் சொன்னதில்லை.
பிளாஸ்டிக். ஒரு கால் குட்டை.
ஆறு வருடமாக வருகிறேன்,
ஓர் இரவிலும் அதில் இவ்வளவு நேரம் இருந்ததில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று என்று பந்துகள் இறங்கின,
கடைசி ஸ்டேஷனில்
மின்சார ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் மாதிரி,
அவசரமே இல்லாமல்.
நான் பந்தைக் குழியில் போடுகிறவன்.
அவரோ வெள்ளையை ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்.
மற்றது விழுவதெல்லாம் உபரி.

மூன்று, பூஜ்யம்.
டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஜன்னலோர மூலையில் ஏசி ஒழுகும்.
மூன்று மழைக்காலம் ஒழுகி
துணிக்கு அடியில் பலகை ஊறிப் போன இடம்.
மெதுவாக வரும் பந்து அங்கே
ஒரு விரற்கடை சுவர்ப்பக்கம் சாயும்.
எனக்குத் தெரியும். பாய்க்குத் தெரியும்.
டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும்.
யாரும் சொல்லவில்லை.

நான்காவது ஆட்டம். எட்டாம் பந்து
அந்த மூலைக்கு மெல்லப் புறப்பட்டது.
நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.
சாய்ந்தது.
குழியின் உதட்டில் தட்டி நின்றது.
பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.
அவர் அண்ணாந்து ஏசியைப் பார்த்தார்.
அவ்வளவுதான்.

எட்டைப் போட்டேன். கை நடுங்க ஒன்பதையும் போட்டேன்.
மூன்று, ஒன்று.
திருடிய காசில் வாங்கிய ஜிலேபி
இனிக்காது என்று யார் சொன்னது?

மறுபடி பிரேக் என்னுடையது.
மறுபடி சத்தம் மட்டும்.
நான்கு, ஒன்று.

கடைசி ஆட்டத்தில் ஒன்பதாம் பந்துக்கு
எதிர்மூலை திறந்தே கிடந்தது,
குழந்தைகூடப் போட்டுவிடும்.
அவர் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.
ஒழுகும் மூலைக்கு, வேண்டுமென்றே மெதுவாக,
குழியை விட்டு ஒரு விரற்கடை விலக்கி அடித்தார்.
பந்து தப்பிப் போவதாகவே நினைத்தேன்,
அந்த இடத்தை அறிந்த நானே.
கடைசி நொடியில் அது
தெருப் பெயர் ஞாபகம் வந்த ஆட்டோ போலத் திரும்பி
உள்ளே போனது.

ஆறு வருடமாக நான் சேர்த்ததை
ஒரே தவறில் வாங்கிக்கொண்டார்.

கை குலுக்கும்போது மூலையைக் காட்டினார்,
என்னைக் காட்டினார், புருவத்தை உயர்த்தினார்.
தலையை ஆட்டினேன்.
ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியாத ஆட்டல்.
அவர் சத்தமாகச் சிரித்தார்.
பாய் ஐந்நூறைத் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்குப் போனேன்.
"வண்டி ஆச்சா?" என்றாள் பிலோமினா.
"ஆச்சு. பிரேக்தான் இன்னும் சரியில்ல."
சோற்றுக்கு நீட்டிய கையைத் திருப்பி
விரல் இடுக்கில் இருந்த சாக் பொடியைப் பார்த்தாள்.
"இப்பல்லாம் கிரீஸ்
நீலக் கலர்லயா வருது?"